தோட்டத்தில் மழைமானி: ராஸ்பெரி பை சீரோவை வெளியே வைக்கலாமா?

முள்முருங்கை:

வணக்கம். பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்காக ஒரு மழைமானி கட்டுறோம். இடம் மஸ்கெலியா பக்கம், லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேல மரக்கறி போட்டிருக்கிற மேடு. கையில இருக்கிறது ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் (சுருக்கமா பை) ஒன்று, 32 ஜீபி மெமரி கார்ட், வெப்பநிலையும் ஈரப்பதனும் பார்க்கிற டிஎச்டி22 சென்சர் ஒன்று, கவிழும் வாளி வைத்த மழைமானி ஒன்று. வெதர் ஸ்டேஷனுக்கு ஸ்பெயார் பார்ட்டாக விற்கிற, செவ்வக வாய் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டிதான். ஒரு கவிழ்வுக்கு 0.2794 மில்லிமீற்றர் மழை என்று போட்டிருக்கு.

மேட்டில இருந்து கரண்ட் இருக்கிற வீட்டுக்கு 25 மீற்றர். பையை அங்கேயே பெட்டிக்குள்ள வைத்து சோலர் போடுறதா, வீட்டுக்குள்ள வைத்து வயர் இழுக்கிறதா? கரண்ட் நினைச்ச நேரம் போகும், கார்ட் பழுதாகுமா? காலையில பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் கலையாத நாட்கள் இருக்கு, அதுக்கு டிஎச்டி22 தாங்குமா? தெரிஞ்ச அண்ணாமார், அக்காமார் சொல்லுங்க.

கேபிள்கட்டை:

தம்பி, பை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அந்த மழைமானிக்குள்ள இருக்கிறது ஒரு காந்தமும் ஒரு ரீட் சுவிட்சும்தான். வாளி நிரம்பிக் கவிழும்போது காந்தம் சுவிட்சைக் கடக்கும், சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். அவ்வளவுதான் சிக்னல். 25 மீற்றர் அதுக்கு ஒரு தூரமே இல்ல.

நெட்வொர்க்குக்குப் பாவிக்கிற கேட்5 வயரில் முறுக்கிய ஒரு சோடி போதும். ஒரு முனை ஜிபிஐஓ 17 என்ற சிக்னல் பின்னுக்கு, அதாவது 11ஆம் பின். மற்றது கிரவுண்டுக்கு, 9ஆம் பின். 1ஆம் பின்னில் வருகிற 3.3 வோல்ட்டில் இருந்து ஜிபிஐஓ 17க்கு ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். பைக்குள்ளேயே பின்னை 3.3க்கு இழுத்துப் பிடிக்கிற ரெசிஸ்டர் (புல்-அப்) இருக்கே என்று கேட்பாய். அது ஏறத்தாழ 50 கிலோ ஓம், மேசை மேல் ஆறு அங்குல வயருக்குச் சரி. 25 மீற்றர் வயர் ஒரு அன்டெனா. பம்ப் மோட்டர் போட்டாலும் டியூப் லைட் போட்டாலும் அது ஒரு மழைத்துளி என்று எண்ணிவிடும். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில 100 நானோஃபரட் கப்பாசிட்டர், வயர் வந்து சேருகிற இடத்தில தொடராக ஒரு 470 ஓம். 5 வோல்ட் பின்னை இந்த வயருக்குக் கிட்டவும் கொண்டு போகாதே. பையின் ஜிபிஐஓ எதுவும் 5 வோல்ட் தாங்காது.

வயரை மரத்துக்கு மரம் கட்டித் தொங்க விடாதே. அரை அங்குல பிவிசி குழாய்க்குள்ள விட்டு மண்ணில் தாழ். மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் பின்னேர இடி எப்படி என்று உனக்குத் தெரியும். கிட்ட விழுகிற மின்னலே தொங்குகிற வயரில் ஜிபிஐஓவைக் கொல்லும் அளவுக்கு வோல்ட் ஏற்றிவிடும். சிக்னலை ஒளியால் கடத்தி இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரிக்கும் பிசி817 ஒப்டோ கப்ளர் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் வயர்ப் பக்கத்துக்குத் தனி பவர் கொடுத்தால்தான் அது பிரிக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பையில் இருந்து எடுத்தால் பிரிக்காததுதான். வயரின் வீட்டு முனையில் கழற்றிப் பூட்டக்கூடிய ஜாக் ஒன்று வை. இடி கிட்ட வந்தால் கழற்று. தலைக்கு மேல் விழுகிற மின்னலுக்கு எந்தப் பார்ட்டும் விற்பதில்லை.

கார்ட் பழுதாகுமா என்றால், ஆகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் காரணம். எல்லாம் சரியாக ஓடின பிறகு ராஸ்பி-கொன்ஃபிக் என்ற செட்டிங் மெனுவுக்குப் போய், பெர்ஃபோமன்ஸ் பகுதியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிடு. அதுக்குப் பிறகு சிஸ்டம் கார்டில் எதுவும் எழுதாது, எல்லாம் ரேமில். ஆனால் ரீஸ்டார்ட் ஆனால் ரேமில் இருந்த மழைக் கணக்கும் போய்விடும். இதை மறந்துவிட்டு ஒரு வாரம் கழித்து வெறும் ஃபைலைப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். கணக்கை வேறு ஒரு யூஎஸ்பி பென்னில், பத்து நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுது. சீரோவில் மைக்ரோ யூஎஸ்பி என்பதால் ஓடிஜி வயர் தேவை, பவர் என்று எழுதாத துளையில் சொருக வேண்டும்.

கார்ட் வாங்கும்போது ஏ1, ஏ2 என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதே. அது வேகம், ஆயுள் இல்ல. 'ஹை என்டியூரன்ஸ்' என்று போட்டது வாங்கு. கொள்ளளவு பொய்யான கார்ட்டும் உலாவுது. லினக்ஸில் எஃப்3 என்ற சின்ன மென்பொருள் முழுக் கார்ட்டையும் எழுதி வாசித்துக் காட்டிக்கொடுக்கும்.

கரண்ட்டுக்கு: பவர் பேங்க் வேணாம். சார்ஜ் ஆகிக்கொண்டே வெளியே கொடுக்கும் வகை குறைவு. கொடுக்கிறதிலும் கரண்ட் போகிற அந்தக் கணத்தில் ஒரு துண்டிப்பு வரும், பை ரீஸ்டார்ட் ஆகும். ரவுட்டருக்கு விற்கிற மினி யூபிஎஸ்ஸில் 12 வோல்ட்டோடு 5 வோல்ட் யூஎஸ்பியும் இருக்கும். ரவுட்டரையும் பையையும் ஒன்றாகத் தாங்கும். யூஎஸ்பி வயர் குட்டையாக, தடிப்பாக இருக்கட்டும். பெரிய பைகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குறைவோல்ட் என்று எச்சரிக்கும். சீரோ வகையில் அதைப் பார்க்கும் சுற்றே இல்ல, வோல்ட் இறங்கினாலும் நீ அறியவே மாட்டாய்.

ஓயாக்கரை:

கேபிள்கட்டை அண்ணா சொன்ன வயர் கணக்கு சரி. ஆனா 25 மீற்றர் குழி வெட்டுறதைவிட வெளியே ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்னக் கன்ட்ரோலர் போர்ட் ஒன்று வைக்கலாம். பை உள்ளே மொஸ்கிட்டோ என்ற மென்பொருளை ஓட்டிக்கொண்டு, எம்க்யூடிடி என்ற செய்தி முறையில் வருவதை வாங்கிப் பதியட்டும். மின்னலுக்கு வழியே இல்லாமல் போகும்.

பையை வெளியே சோலரில் வைக்கிறதை மட்டும் யோசிக்க வேணாம் தம்பி. சீரோ 2 டபிள்யூ வைஃபையோடு சும்மா இருந்தாலும் சராசரி முக்கால் வாட் என்று வையுங்க. நாளுக்கு 18 வாட்-அவர். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் ஈய பெட்டரியில் 84 இருக்கு, பாதிக்குக் கீழே இறக்கினால் பெட்டரி சாகும், மிச்சம் 42. 5 வோல்ட்டாக மாற்றும் இழப்பையும் கழித்தால் சரியாக இரண்டு நாள். தென்மேற்குப் பருவக்காற்று நேரம் நம்ம பக்கம் இரண்டு நாள் வெயில் காணாமல் இருப்பது ஒரு செய்தியா? ஒரு நாளுக்கு ஒன்றரை மணித்தியால நல்ல வெயில் என்று கணக்குப் போட்டாலே 20 வாட் பேனல் வேணும். ஒரு கவிழ்வை எண்ணுறதுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்ல.

ஈஎஸ்பி32 டீப் ஸ்லீப்பில் சிப் மட்டும் 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் எடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பி ஐந்து செக்கன் வைஃபையில் அனுப்பினால் சராசரி ஒரு மில்லிஆம்பியர். ஒரு 18650 லித்தியம் செல் மாதக் கணக்கில் போகணும். போர்ட்டில் இருக்கிற சிவப்பு எல்ஈடியும் யூஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும் அதைவிடக் கூட இழுக்கும் என்பதால் நடைமுறையில் வாரக் கணக்குதான். எல்ஈடியைக் கழற்றி, 3.3 வோல்ட் பின்னுக்கே நல்ல ரெகுலேட்டரில் இருந்து கொடுத்தால் பழைய கணக்குக்குக் கிட்ட வரலாம்.

ஒரு பொறி இருக்கு. தூங்கும்போது வாளி கவிழ்ந்தால் ஈஎக்ஸ்டி0 என்ற எழுப்பும் பின் மூலம் எழும்பி, தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி மெமரியில் ஒன்று கூட்டி, திரும்பத் தூங்க வைக்கணும். அந்தப் பின் பார்ப்பது மாற்றத்தை இல்ல, மட்டத்தை. மழை நின்ற நேரம் வாளி நடுவாக நின்று காந்தம் சுவிட்சுக்கு நேரே இருந்தால், சுவிட்ச் மூடியபடியே இருக்கும். போர்ட் தூங்கவே மாட்டாது, மறுநாள் பெட்டரி தட்டை. எழும்பின உடனே பின் இன்னும் தாழ்வாக இருந்தால் அந்தத் தடவை டைமரை மட்டும் வைத்துத் தூங்கச் சொல்லுங்க.

டிஎச்டி22 வேணாம். பனிமூட்டத்தில் 99.9க்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், வெயில் வந்த பிறகும் இறங்க மணிக்கணக்கு எடுக்கும். எஸ்எச்டி31 வாங்குங்க. அதுக்குள்ள சின்ன ஹீட்டர் இருக்கு, படிந்த ஈரத்தை உலர்த்த சில செக்கன் போடலாம். போட்ட உடனே வருகிற வெப்பநிலையை மட்டும் பதிவில் சேர்க்காதீங்க.

பிஎம்இ280 என்ற சென்சர் மலிவாகக் கிடைச்சா ஒரு சோதனை. சிப்பின் அடையாள எண் இருக்கிற ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரை வாசியுங்க. ஹெக்ஸில் 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் அது பிஎம்பி280, ஈரப்பதன் பார்க்கவே தெரியாதது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சிப் பொய் சொல்லாது.

கேபிள்கட்டை:

தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம், வைஃபை அந்த மேட்டுக்கு எட்டினால். பனிமூட்டம் பெரிசா மறைக்காது. தகரக் கூரையும் தகரச் சுவரும்தான் மறைக்கும். முதலில் போனை மேட்டில் பிடித்துப் பார். வைஃபை சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் ஈஎஸ்பி, அதுக்குக் கீழே என்றால் குழி வெட்டு.

எஸ்எச்டி31ஐ மட்டும் 25 மீற்றர் வயரில் பைக்கு இழுக்காதே. அது பையோடு பேசுகிற ஐ2சி முறை ஒரு மீற்றர் இரண்டு மீற்றருக்கான பேச்சு. வயரோடு போவதென்றால் வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 போடு, ஈரப்பதனை விட்டுவிடு.

முள்முருங்கை:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. போனில் மைனஸ் 84 காட்டுது, அதனால வயர்தான். குழாய் இன்னும் தாழ்க்கல, நிலத்தில போட்டு முதலில் சோதிச்சோம். இரண்டு பிரச்சினை. கையால ஒரு தடவை கவிழ்த்தா 2, சில நேரம் 3 எண்ணுது. இரவு மழையே இல்லாம காலையில 6 கவிழ்வு இருந்துச்சு. பின்னை வாசிக்கிற ஜிபிஐஓசீரோ என்ற பைத்தன் லைப்ரரியில, சுவிட்ச் துள்ளலை வடிகட்டுற பவுன்ஸ் டைமை 0.3 செக்கன் என்று போட்டேன். இப்ப ஒன்றுமே எண்ணுதில்ல!

கேபிள்கட்டை:

மூன்றாவது பிரச்சினையை நீயே உண்டாக்கினாய். புதிய ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் ஜிபிஐஓசீரோவுக்குக் கீழே ஓடுவது எல்ஜிபிஐஓ என்ற லைப்ரரி. அதுக்குப் பவுன்ஸ் டைம் என்றால் 'அத்தனை நேரம் மாறாமல் இருந்தால்தான் நம்புவேன்' என்று அர்த்தம். உன் ரீட் சுவிட்ச் மூடியிருப்பதே செக்கனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 0.3 போட்டால் ஒன்றையும் நம்பாது.

பவுன்ஸ் டைமை எடுத்துவிடு. ஒவ்வொரு அழுத்தத்திலும் பைத்தனின் மொனோடொனிக் நேரத்தை (பின்னால் போகாமல் ஓடும் கடிகாரம்) எடுத்து, முந்தியதில் இருந்து 0.5 செக்கன் ஆகாவிட்டால் எண்ணாதே. மழை தவறிவிடாதா என்றால், மணிக்கு 200 மில்லிமீற்றர் கொட்டினாலும் 716 கவிழ்வு, ஐந்து செக்கனுக்கு ஒன்றுதான். சாதாரண கடிகார நேரத்தைப் பாவிக்காதே. இன்டர்நெட் வந்து நேரம் திருத்தப்படும்போது அது முன்னும் பின்னும் குதிக்கும். பழைய பாடங்களைப் பார்த்து ஆர்பிஐ டொட் ஜிபிஐஓ என்ற லைப்ரரிக்கு மாறவும் வேண்டாம், புதிய கேர்னலில் எட்ஜ் டிடெக்ஷன் பிழை காட்டி நிற்கும்.

இரவில் வந்த 6க்கு: மழைமானி முனையில் இரண்டு வயரையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றிவிட்டு ஒரு இரவு விடு. அப்போதும் எண்ணினால் வயர் இரைச்சல் பிடிக்குது. 4.7 கிலோ ஓமும் கப்பாசிட்டரும் உண்மையிலேயே பின்னுக்குக் கிட்ட இருக்கா என்று பார், வயரின் தூர முனையில் வைத்தால் பலன் குறைவு. எண்ணாவிட்டால் வாளிதான் ஆடுது. கம்பம் காற்றில் அசைந்தாலே பாதி நிரம்பிய வாளி கவிழும். இல்லாவிட்டால் அது பனித்துளி. புனலில் படிந்து சொட்டிய தண்ணீரும் தண்ணீர்தான், அதைப் பிழை என்று சொல்ல முடியாது.

மூட்டுகளுக்கு சிலிக்கன் பூசும்போது வினாகிரி மணம் வருகிற வகை வேண்டாம். அந்த அமிலம் செம்பைப் பச்சையாக்கிவிடும். மணமில்லாத நியூட்ரல் வகை கேள். வெளியே வைக்கும் ஜங்ஷன் பொக்ஸை முழுதாக அடைக்காதே. பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், வெளியே விடாது. அடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடு.

பீலியடி:

அந்தத் துளைக்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்று ஒட்டிவிடுங்க. இல்லாட்டி ஒரு மாதத்தில பெட்டி எறும்புக்குச் சொந்தம்.

எட்டரை_மணி:

இதுவரை எண்ணுவதைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். எண்ணியது மழைதானா என்பது வேறு விஷயம்.

பெட்டியில் எழுதியிருக்கும் 0.2794ஐ நம்ப வேண்டாம். வாயை உள்விளிம்பில் அளவுகோலால் அளந்து பாருங்கள். 11க்கு 5 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 55 சதுர சென்ரிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 5.5 மில்லிலீற்றர் தண்ணீர். 275 மில்லிலீற்றரை அளந்து எடுங்கள், அது 50 மில்லிமீற்றர் மழை. ஒரேயடியாக ஊற்றினால் வாளி கவிழும் நேரத்தில் விழும் தண்ணீர் எண்ணாமல் போகும். ஆகவே பாமசியில் வாங்கும் சேலைன் குழாயைப் போத்தலில் மாட்டி, ஒரு மணித்தியாலத்தில் முடிகிற மாதிரிச் சொட்ட விடுங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 20 சொட்டு என்ற வகையானால் நிமிடத்துக்கு 92 சொட்டு. 179 கவிழ்வு வர வேண்டும். 168 வந்தால் உங்கள் வாளிக்கு ஒரு கவிழ்வு 0.298, அதை மென்பொருளில் போட்டுவிடுங்கள். அடியில் உள்ள திருகாணிகளைத் திருகித் திருத்தப் போனால் இரண்டு பக்கமும் இரண்டு அளவாகி, பிறகு எதுவும் பொருந்தாது. இதையெல்லாம் செய்ய முன்னர் தளமட்டம் வைத்து மானி மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். சரிந்த மானிக்கு அளவு திருத்துவது வீண் வேலை.

இடம்: பக்கத்தில் நிற்கும் மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். சில்வர் ஓக் கிட்ட இருந்தால் அதன் சருகு புனல் வாயை அடைக்கும். அடைத்த மானி பெருமழையில் பூச்சியம் காட்டும், மழை நின்ற பிறகு மெதுவாக வடிந்து இல்லாத தூறலைக் காட்டும். ஈரப்பதன் 100, மழை பூச்சியம் என்றால் அடைப்பு என்று மென்பொருளில் எழுதிவிடலாம் என்று தோன்றும். நம் பக்கத்துப் பனிமூட்டம் அதைப் பயனற்றதாக்கிவிடும், தினமும் காலையில் பொய் எச்சரிக்கை வரும். வாரம் ஒரு தடவை ஒரு பிள்ளை போய்ப் புனலைப் பார்ப்பதுதான் வழி. பக்கத்திலேயே கையால் அளக்கும் சாதாரண மானி ஒன்றும் இருக்கட்டும்.

நாள் என்பது நள்ளிரவில் முடிவதாக எழுதாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை நாள் காலை 8.30இல் இருந்து மறுநாள் 8.30 வரை. உங்கள் கணக்கை அவர்களுடைய அட்டவணையோடு ஒப்பிட வேண்டுமானால் நீங்களும் 8.30இல் வெட்டுங்கள். பையின் நேர வலயம் கொழும்பு என்று இருக்கட்டும். யூடிசியில் (உலகப் பொது நேரம்) விட்டால் அது 3.00 மணி.

இங்கேதான் கடிகாரம் முக்கியம். சீரோ 2 டபிள்யூவில் பெட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து இன்டர்நெட் வராவிட்டால், கடைசியாகத் தெரிந்த நேரத்தில் இருந்தே தொடங்கும். இன்றைய மழை நேற்றைய கணக்கில் விழும். டிஎஸ்3231 கடிகார மொடியூல் ஒன்று போடுங்கள், ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுதான் தவறும். அதன் விசிசி (பவர் பின்) 3.3 வோல்ட்டுக்குத்தான். 5இல் கொடுத்தால் ஐ2சி வயர்கள் 5க்கு இழுக்கப்பட்டுப் பைக்கு ஆபத்து. மலிவு மொடியூலில் இருக்கும் சார்ஜிங் சுற்று, சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032 பெட்டரியையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். 3.3இல் அந்தச் சிக்கலும் வராது.

முள்முருங்கை:

சேர், மழை கூடினால் வட்ஸ்அப்பில் எச்சரிக்கை அனுப்பலாம் என்று பிள்ளைகள் கேட்குறாங்க. லயத்துக்குப் பின்னால வெட்டின மண்மேடு ஒன்று இருக்கு. எந்த அளவில் வைக்கிறது?

எட்டரை_மணி:

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குப் பாவிக்கும் அளவுகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டிய நிலை. உங்கள் வாளிக்கு அது மணிக்கு 268 கவிழ்வு, 0.298 என்று திருத்தியிருந்தால் 252.

இரண்டு திருத்தம். இந்தக் கணக்குக்கு 8.30 நாள் உதவாது. காலை 8.30க்கு எண்ணிக்கை பூச்சியமாகும், மேட்டின் ஈரம் பூச்சியமாகாது. ஒவ்வொரு பத்து நிமிடமும் அந்த நேரத்தில் இருந்து பின்னோக்கி 24 மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். பதிவு யூஎஸ்பி பென்னில் இருந்தால்தான் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அதைக் கூட்ட முடியும். இரண்டாவது, கவிழும் வாளி கொட்டும் மழையில் எப்போதும் குறைத்தே எண்ணும், அடைத்தால் எண்ணவே எண்ணாது. ஆகவே 75க்கு வைக்க வேண்டிய முதல் அறிவித்தலை 60க்கு வையுங்கள்.

செய்தியில் 'ஆபத்தில்லை' என்ற வாசகமே இருக்கக் கூடாது. கரண்ட் போனால் டவரும் போகலாம், செய்தி வராததைப் பார்த்து யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றில் இருந்து வரும் பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நிற்பது, இதில் ஒன்று தெரிந்தால் மானி 10 காட்டினாலும் இறங்கிவிட வேண்டும். அதையும் அந்தச் செய்தியிலேயே ஒரு வரியாகப் போடச் சொல்லுங்கள்.

முள்முருங்கை:

சரி சேர். சேலைன் குழாய் வாங்கியாச்சு, நாளைக்குச் சொட்ட விட்டுட்டு எண்ணிக்கையைப் போடுறேன்.